மருந்து கேட்கிறது, பி.என்.பி. மட்டும் ஏன் ஏறியது?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. மூச்சுத்திணறலும் கால் வீக்கமும் வந்து எக்கோ எடுத்தபோது, இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் 32 சதவீதம்தான் என்றார்கள். அன்று ரத்தத்தில் பி.என்.பி. என்ற இதய ஹார்மோனின் அளவு 410. அதுவரை சாப்பிட்ட ராமிப்ரிலை நிறுத்திவிட்டு, சாக்யூபிட்ரில்-வல்சார்டான் மாத்திரையைத் தொடங்கினார்கள். பத்து வாரம் ஆகிறது. வீக்கம் வற்றிவிட்டது. மூன்று தலையணை வைத்துப் படுத்தவர் இப்போது ஒன்றோடு தூங்குகிறார். ஆனால் போன வாரம் நாங்களாகவே எடுத்துப் பார்த்ததில் பி.என்.பி. 540. "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பழையதற்கே போகிறேன்" என்கிறார் அப்பா. நான் உயிரியல் ஆசிரியை. பி.என்.பி. உப்பையும் நீரையும் வெளியேற்றும் நல்ல ஹார்மோன் என்றுதான் வகுப்பில் சொல்லித் தருகிறேன். நல்ல ஹார்மோன் கூடினால் அது ஏன் கெட்ட செய்தி? அதை எப்போது வெளியே விடவேண்டும் என்று ஒரு தசை செல்லுக்கு எப்படித் தெரிகிறது? இன்னொன்று: சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு அப்பாவுக்குத் திடீரென்று படபடப்பு வந்தது. அன்று ஐந்தாறு முறை சிறுநீர் கழிக்க எழுந்தார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா மாத்திரையை நிறுத்த வேண்டாம். ராமிப்ரிலுக்குத் தானாகத் திரும்பிப் போகவே கூடாது. அது ஏன் ஆபத்து என்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன், அந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். வீக்கம் வற்றியதும் தலையணை குறைந்ததும் நல்ல அறிகுறிகள். ஒரு லேப் எண்ணைவிட நான் அவற்றைத்தான் முதலில் நம்புவேன். அப்பா சாப்பிடும் மாத்திரை பி.என்.பி. சிதைவதைத் தடுக்கிறது. அதனால் அதைத் தொடங்கிய பிறகு பி.என்.பி. ஓரளவு ஏறுவது எதிர்பார்க்கக்கூடியதுதான். இந்த நிலையில் பார்க்க வேண்டிய சோதனை வேறு, அதன் பெயர் என்.டி.-ப்ரோ-பி.என்.பி. இரண்டும் ஒரே புரதத்திலிருந்து பிரிந்த இரண்டு துண்டுகள்தான். ஆனாலும் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கலாம். அது எப்படி என்று புரிய வேண்டுமானால், நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வியிலிருந்து, அதாவது செல்லுக்குள்ளிருந்து, தொடங்க வேண்டும்.

இதயத்தை வெறும் பம்பு என்றுதான் நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். 1956இல் ஹென்றி, கவர், ரீவ்ஸ் என்ற மூவர் மயக்கத்தில் இருந்த நாய்களின் இடது மேல் அறைக்குள் சிறிய பலூனை விரித்துப் பார்த்தார்கள். அறை விரிந்ததும் சிறுநீர் அதிகமாக வந்தது. இதயத்திலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் வேலை இது என்று விளக்கினார்கள். அந்த விளக்கத்தில் உண்மையும் இருந்தது. அதே 1956இல் புரூனோ கிஷ் என்பவர், கினிப்பன்றியின் மேல் அறைத் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல்களுக்குள் கருத்த உருண்டைகள் இருப்பதைக் கண்டார். 1964இல் ஜேமிசனும் பலாடேயும் அவற்றை விரிவாக ஆராய்ந்து, இவை சுரப்பி செல்களில் ஹார்மோன் அடைத்து வைக்கும் துகள்களைப் போலவே இருக்கின்றன என்று எழுதினார்கள். தசைக்குள் சுரப்பித் துகள் எதற்கு? இந்தக் கேள்வி பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. பலூனையும் துகளையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சேர்த்துப் பார்த்தவர் அடோல்ஃபோ டி போல்ட். உடலின் நீர், உப்புச் சமநிலை மாறும்போது அந்தத் துகள்களின் எண்ணிக்கையும் மாறுவதை அவர் முதலில் கவனித்தார். பிறகு 1981இல் எலிகளின் மேல் அறைத் தசையை அரைத்து, அந்தச் சாற்றை வேறு எலிகளுக்கு ஊசி வழியாகச் செலுத்தினார். சிறுநீரில் வெளியேறிய சோடியம் 30 மடங்குக்கும் மேல் கூடியது, சிறுநீரின் அளவு 10 மடங்கானது, ரத்த அழுத்தம் இறங்கியது. கீழ் அறைத் தசையின் சாற்றுக்கு இந்த விளைவு இல்லை. வகுப்பில் இந்தச் சோதனையை அவசியம் சொல்லுங்கள். பெரிய கருவி ஒன்றும் தேவைப்படாமல், கேள்வியைச் சரியாகக் கேட்டதாலேயே கிடைத்த விடை அது. அந்தச் சாற்றில் இருந்த பொருளைத்தான் இன்று ஏ.என்.பி. என்கிறோம், 28 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய பெப்டைடு. பி.என்.பி. 1988இல் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பெயரில் உள்ள 'பி' மூளையைக் குறித்து வந்த எழுத்து. அது முக்கியமாக இதயத்தின் கீழ் அறைகளிலிருந்துதான் வருகிறது என்று பின்னால் தெரிந்தும் பெயர் மாறவில்லை.

சரி, செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

ஏ.என்.பி.யிலிருந்து தொடங்குவோம், அதன் பாதை எளிது. மேல் அறையின் தசை செல் ஹார்மோனை முன்கூட்டியே தயாரித்துத் துகள்களில் நிரப்பி வைத்திருக்கிறது. உடலில் நீரும் உப்பும் கூடினால் இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தமும் கூடும், மேல் அறையின் மெல்லிய சுவர் இழுபடும். அந்த இழுவைதான் முதல் சமிக்ஞை. செல்லின் சவ்விலும் செல்லை அதன் சுற்றுப்புறத்தோடு இணைக்கும் புரதங்களிலும் இழுவையை உணரும் அமைப்புகள் இருக்கின்றன. அங்கிருந்து செய்தி, சவ்விலிருந்து செய்தி கடத்தும் ஜி புரதங்கள் வழியாக உள்ளே போகிறது. எலியின் மேல் அறையைத் தனியே எடுத்து உயிரோடு வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். கக்குவான் இருமல் கிருமியின் நச்சு, ஐ/ஓ வகை ஜி புரதங்களைச் செயலிழக்கச் செய்யும். அந்த நச்சைக் கொடுத்த பிறகு அறையை எவ்வளவு இழுத்தாலும் ஹார்மோன் கூடுதலாக வருவதில்லை. இழுவைக்கும் சுரப்புக்கும் இடையில் இந்த ஜி புரதம் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது, உங்கள் மாணவர்களுக்குப் பிடிக்கும். கணையத்தில் இன்சுலின் வெளிவருவதும் நரம்பு முனையில் வேதிப்பொருள் வெளிவருவதும் செல்லுக்குள் கால்சியம் ஏறும்போதுதான். இதயத் தசையில் ஒவ்வொரு துடிப்பிலும் கால்சியம் ஏறி இறங்குகிறது, நிமிடத்துக்கு எழுபது தடவை. கால்சியம் ஏறினாலே துகள் திறக்கும் என்றால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கையிருப்பைக் கொட்டித் தீர்த்திருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. சாதாரண நிலையில் ஹார்மோன் மிக மெதுவாகத்தான் கசிகிறது. ஆக, துடிப்புக்கான கால்சியமும் சுரப்புக்கான கட்டளையும் ஒரே செல்லுக்குள் இருந்தாலும் ஒன்றோடொன்று குழம்பாதபடி செல் பார்த்துக்கொள்கிறது. இழுவை, ஜி புரதம், சவ்வருகே நடக்கும் மாற்றங்கள் எல்லாம் சேர்ந்துதான் துகளை வாசலுக்குக் கொண்டுவருகின்றன. பல வருடமாக இந்தத் துறையைப் படித்துவந்தாலும் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கும் இடம் இதுதான்.

இழுவை மட்டுமே வழி என்றில்லை, ரத்தத்தில் வரும் செய்திகளும் உண்டு. ரத்தக்குழாயின் உட்சுவர் செல்கள் எண்டோதீலின்-1 என்ற பொருளை விடுகின்றன. இதயத் தசையில் அதற்கென்று ஏற்பி, அதாவது அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம், இருக்கிறது. எண்டோதீலின் வந்து உட்கார்ந்ததும் க்யூ வகை ஜி புரதம் விழித்து, ஃபாஸ்போலைப்பேஸ்-சி என்ற என்சைமை முடுக்கிவிடும். அந்த என்சைம் சவ்விலுள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறை இரண்டாக வெட்டும். ஐ.பி.3 என்ற ஒரு துண்டு, உள்ளே சேமித்த கால்சியத்தைத் திறந்துவிடும். டி.ஏ.ஜி. என்ற மற்றது புரத கைனேஸ்-சி என்ற இன்னொரு என்சைமை எழுப்பும். ஆஞ்சியோடென்சின்-2 இதே பாதையைத்தான் பிடிக்கிறது. நார்அட்ரினலினும் அதன் ஆல்ஃபா-1 ஏற்பி வழியாக இதே பாதைக்கு வருகிறது. இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இவை மூன்றுமே ரத்தக்குழாயைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றுபவை. அழுத்தத்தை ஏற்றும் சமிக்ஞை வந்து சேரும்போதே, அதை இறக்கும் ஹார்மோனையும் இதயம் வெளியே விடுகிறது.

துகளில் இருப்பது முழு ஹார்மோன் இல்லை, 126 அமினோ அமிலங்கள் கொண்ட முன்வடிவம். வெளியே வரும் நேரத்தில் செல்லின் மேற்பரப்பிலேயே கோரின் என்ற என்சைம் அதை வெட்டுகிறது. அப்போதுதான் 28 அமினோ அமிலம் கொண்ட வேலை செய்யும் துண்டு பிரிகிறது. வாசலில் இருக்கும் இந்தக் கத்திரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அப்பாவின் கதையில் அது மறுபடி வரும்.

படபடப்பு இரவுக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். தொடர்பு உண்டு. சிலவகைப் படபடப்புகளில் இதயம் மிக வேகமாகத் துடிக்கும்போது, மேல் அறைக்கு ரத்தத்தைக் கீழே இறக்க நேரம் கிடைக்காது. அழுத்தம் கூடிச் சுவர் இழுபடும், துகள்கள் திறக்கும், ஏ.என்.பி. பாயும். கொஞ்ச நேரத்தில் வெளிறிய, நிறைய சிறுநீர். புதிதாக எதையும் தயாரிக்காமல் கையிருப்பிலிருந்தே விடுவதால்தான் அவ்வளவு சீக்கிரம் நடக்கிறது. ஆனால் அந்த இரவைப் பற்றி அப்பாவின் டாக்டரிடம் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லாவிட்டால் அவசியம் சொல்லுங்கள். பலவீனமான இதயத்தில் வரும் படபடப்பு எந்த வகை என்று தெரிய வேண்டும், 24 மணி நேர ஈ.சி.ஜி. தேவைப்படலாம்.

பி.என்.பி. வேறு மாதிரி. கீழ் அறைத் தசையில் ஏ.என்.பி.க்கு இருப்பதுபோலப் பெரிய கையிருப்பு கிடையாது. தேவை வரும்போது ஜீனைத் திறந்து, படியெடுத்து, புரதத்தைத் தயாரித்து அனுப்ப வேண்டும். அதனால் இங்கே சமிக்ஞைப் பாதை சவ்வோடு நிற்காமல் செல்லின் உட்கரு வரை போகிறது. சுவர் நாள்கணக்கில் இழுபட்டுக்கொண்டே இருந்தால் பி-38 என்ற கைனேஸ் விழிக்கும். அங்கிருந்து போகும் செய்தி காட்டா-4 போன்ற புரதங்களை எட்டும். அவை பி.என்.பி. ஜீனின் முன்பகுதியைப் பிடித்து அதை இயக்கும். அந்த ஜீனிலிருந்து வரும் ஆர்.என்.ஏ. படியின் வாலிலேயே, சீக்கிரம் அழிந்துவிடும்படியான ஒரு குறி பொறிக்கப்பட்டிருக்கிறது. அதனால் சமிக்ஞை வந்தால் அளவு வேகமாக ஏறும், சமிக்ஞை நின்றால் உற்பத்தியும் சீக்கிரம் அடங்கும். அப்பாவின் இதயச்சுவரில் சுமை குறைந்தால் உற்பத்தி குறைவதும் இதனால்தான்.

இரண்டு ஹார்மோன்களும் எப்போதும் சேர்ந்தே ஏறும் என்று எண்ண வேண்டாம். உடலில் அழற்சி இருக்கும்போது வரும் சில புரதங்கள், பி-38 வழியாக பி.என்.பி. ஜீனை மட்டும் தூண்டுகின்றன. ஏ.என்.பி. அசைவதில்லை. மாற்று இதயம் பொருத்தியவர்களில் உடல் அந்த இதயத்தை நிராகரிக்கும் கட்டத்தில் இப்படி பி.என்.பி. தனியாக ஏறுவதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரே செல், ஒரே குடும்பத்து ஹார்மோன்கள், ஆனால் பாதைகள் தனித்தனி.

பி.என்.பி.யும் முன்வடிவமாகத்தான் பிறக்கிறது, 108 அமினோ அமிலங்கள். ஃப்யூரின், கோரின் போன்ற என்சைம்கள் அதை வெட்டும்போது இரண்டு துண்டுகள் கிடைக்கின்றன. 32 அமினோ அமிலம் உள்ள துண்டு பி.என்.பி., இதுதான் ஹார்மோன். மிச்சமுள்ள 76 அமினோ அமிலத் துண்டு என்.டி.-ப்ரோ-பி.என்.பி., இதற்கு ஹார்மோன் வேலை கிடையாது. ஒரு மூலக்கூறு வெட்டுப்பட்டால் இரண்டிலும் ஒவ்வொன்று பிறக்கும். பிறப்பு சமம், ஆயுள் சமமில்லை. பி.என்.பி.யில் பாதி சுமார் 20 நிமிடத்தில் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். மற்றதில் பாதி மறைய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அப்பாவின் 410, 540 இரண்டும் பி.என்.பி.யின் கணக்கு. என்.டி.-ப்ரோ-பி.என்.பி.யின் எண்கள் பொதுவாகப் பல மடங்கு பெரிதாக இருக்கும், அதனால் ஒன்றின் எண்ணை மற்றதன் எண்ணோடு வைத்துப் பார்க்கவே கூடாது.

இனி, நல்ல ஹார்மோன் என்றால் கூடுவது ஏன் கெட்ட செய்தி என்ற கேள்வி. இந்த ஹார்மோன்கள் போய்ச் சேரும் ஏற்பி, சிறுநீரகம், ரத்தக்குழாய், அட்ரினல் சுரப்பி எல்லாவற்றிலும் இருக்கிறது. அந்த ஏற்பியே ஓர் என்சைமும்கூட. ஹார்மோன் உட்கார்ந்ததும் செல்லுக்குள் சி-ஜி.எம்.பி. என்ற மூலக்கூறைத் தயாரிக்கும். அதன் பலனாகக் குழாய்கள் தளரும், சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடும், உப்பைப் பிடித்து வைக்கத் தூண்டும் ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் குறையும். இதயத்துக்குள்ளேயும் தசை தடிப்பதையும் நார்த்திசு படர்வதையும் இது தடுக்கிறது. நீங்கள் வகுப்பில் சொல்வதில் தவறில்லை, நல்ல ஹார்மோன்தான்.

ஆனால் அது கூடியிருக்கிறது என்றால், அதைக் கூட்டும் அளவுக்குச் சுவர் இழுபடுகிறது என்று அர்த்தம். காய்ச்சல் வந்தவருக்கு வெள்ளை அணுக்கள் கூடியிருப்பதைப் பார்த்து நாம் வெள்ளை அணுக்களைக் குறை சொல்வதில்லை. எதற்காகக் கூடின என்று தேடுகிறோம். இதுவும் அப்படித்தான். பி.என்.பி. நோயின் அளவுகோலாக இருப்பது, அது நோய்க்கு எதிராக வேலை செய்வதால்தான்.

அப்படியானால் அது போதிய அளவு கூடியிருந்த நாட்களில் அப்பாவுக்கு வீக்கம் ஏன் வந்தது? நியாயமாக எழும் கேள்வி. பதில் ஒன்றல்ல. நோய் முற்றும்போது கோரின் குறைகிறது. முன்வடிவம் வெட்டப்படாமலே ரத்தத்தில் சுற்றுகிறது, அதற்கு வேலைத்திறன் குறைவு. ஆனால் லேபில் செய்யும் பி.என்.பி. சோதனை பெரும்பாலும் அந்த வெட்டப்படாத வடிவத்தையும் சேர்த்தே எண்ணிவிடுகிறது. எண் பெரிதாக இருக்கும், உண்மையில் வேலை செய்யும் ஹார்மோன் அவ்வளவு இருக்காது. நீண்ட நாள் ஹார்மோன் வெள்ளத்தில் கிடந்த ஏற்பிகளும் மந்தமாகிவிடுகின்றன. செல்லுக்குள் உருவாகும் சி-ஜி.எம்.பி.யை அழிக்கும் என்சைம்கள் கூடுகின்றன. எதிர்ப்பக்கம் ஆஞ்சியோடென்சினும் ஆல்டோஸ்டிரோனும் உப்பைப் பிடித்து வைப்பதில் மும்முரமாக இருக்கின்றன. இதயம் விடாமல் செய்தி அனுப்பியும் கேட்க வேண்டிய இடங்களில் அது பாதிதான் கேட்கிறது. என்னிடம் வரும் நோயாளிகளின் குடும்பத்தாரிடம் இதை நான் பொறுமையாக விளக்குவேன். ஏனென்றால் மாத்திரையின் வேலை புரிவதற்கு இதுதான் அடிப்படை.

ரத்தத்தில் இந்த ஹார்மோன்களை அகற்ற இரண்டு வழிகள் உண்டு. செல்களின் மேலிருந்து அவற்றைப் பிடித்து உள்ளே இழுத்து அழிக்கும் ஒரு தனி ஏற்பி, அப்புறம் நெப்ரிலைசின் என்ற என்சைம். சாக்யூபிட்ரில் இந்த நெப்ரிலைசினைத்தான் தடுக்கிறது. ஹார்மோன் அதிக நேரம் ரத்தத்தில் தங்கும், மந்தமான ஏற்பிகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஏ.என்.பி. நெப்ரிலைசினுக்கு எளிதான இரை, அதனால் இந்த மாத்திரையில் அது நன்றாகக் கூடும். பி.என்.பி. அவ்வளவு எளிதில் வெட்டுப்படாது, அதனால் ஓரளவுதான் கூடும். என்.டி.-ப்ரோ-பி.என்.பி.யை நெப்ரிலைசின் தொடுவதே இல்லை. எனவே அந்தத் துண்டின் அளவு, இதயம் எவ்வளவு தயாரிக்கிறது என்பதை மாத்திரையின் குறுக்கீடு இல்லாமல் காட்டும். சுமை குறைந்தால் அது இறங்கும்.

2014இல் வெளியான பாரடைம்-எச்.எஃப். என்ற பெரிய ஆய்வில், 8,000க்கும் மேற்பட்ட நோயாளிகளில் இந்த மாத்திரையை, ராமிப்ரில் வகையைச் சேர்ந்த எனலாப்ரிலோடு ஒப்பிட்டார்கள். இதய நோயால் இறப்பது அல்லது இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது, இரண்டும் சேர்ந்த கணக்கு புதிய மாத்திரை சாப்பிட்டவர்களில் 20 சதவீதம் குறைவாக இருந்தது. அதே ஆய்வில், எனலாப்ரில் சாப்பிட்டவர்களைவிட இவர்களின் பி.என்.பி. கூடுதலாகவும், என்.டி.-ப்ரோ-பி.என்.பி. குறைவாகவும் இருந்தன. அப்பாவின் 410, 540 ஆனதை அந்தப் பின்னணியில் பாருங்கள்.

அதற்காக, 540 முழுவதும் மாத்திரையால்தான் என்று அவரைப் பார்க்காமல் நான் எழுதித் தரமாட்டேன். என்.டி.-ப்ரோ-பி.என்.பி. எடுங்கள். மாத்திரைக்கு முன்பு அதை எடுக்காததால் இறங்கியதா என்று ஒப்பிட முடியாது. ஆனாலும் எண்ணே ஓரளவு பேசும். இந்த நோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களில், அது மில்லிலிட்டருக்கு 1,000 பிகோகிராமுக்குக் கீழே இறங்கியவர்களுக்கு ஆபத்து குறைவாக இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அதற்கு மேல் இருந்தாலும் பயப்பட வேண்டாம், இனி ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆரம்பப் புள்ளி கிடைக்கும். அடுத்தடுத்த சோதனைகளை அதே லேபில் எடுங்கள். இந்த எண் உடல்நிலை மாறாமலே கொஞ்சம் மேலும் கீழும் போகும், சுமார் 30 சதவீதமாவது மாறினால்தான் நான் அதைப் பொருட்படுத்துவேன். கூடவே சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் கிரியாட்டினினும், பொட்டாசியமும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மாத்திரையில் அவற்றை அவ்வப்போது பார்த்தே ஆக வேண்டும். சிறுநீரகம் சற்று மந்தமானாலும் என்.டி.-ப்ரோ-பி.என்.பி. தேங்கி எண் பெரிதாகத் தெரியும் என்பதும் ஒரு காரணம். வயது கூடினாலும் மேல் அறை ஒழுங்கில்லாமல் துடித்தாலும் எண் ஏறும்.

உடல் பருமனில் இது தலைகீழ். பருமனானவர்களுக்கு இதயம் பலவீனமாக இருந்தாலும் எண் குறைவாகவே காட்டும். நான் பயிற்சியில் இருந்த காலத்தில் மூச்சுத்திணறலோடு வந்த ஒருவருக்கு பி.என்.பி. குறைவாக இருந்தது. நல்ல பருமனான உடல். இதயம் காரணமில்லை என்று சொல்லி நுரையீரல் பக்கம் அனுப்பினோம். இரண்டு வாரத்தில் கால் வீங்கித் திரும்பி வந்தார், எக்கோ எடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. அந்த இரண்டு வாரம் அவர் பட்ட கஷ்டம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. எண்ணை நோயாளியோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது, காலையில் சிறுநீர் கழித்ததும் அப்பாவின் எடையைப் பார்த்து எழுதி வைப்பது. மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, படுத்தால் மறுபடி மூச்சு முட்டினாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழப் பார்த்தாலோ, அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். லேப் சோதனையை நீங்களாகவே எடுத்ததில் தப்பில்லை. எந்தச் சோதனை என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டியது. ஐயா, நெப்ரிலைசின் இதய ஹார்மோன்களோடு பிராடிகைனின் என்ற பொருளையும் அழிக்கும் என்சைம். உங்கள் மாத்திரை அதைத் தடுப்பதால் பிராடிகைனின் கொஞ்சம் கூடும். ராமிப்ரிலும் வேறு வழியில் பிராடிகைனினைக் கூட்டுவதுதான். இரண்டும் ஒரே நேரத்தில் உடம்பில் இருந்தால் உதடு, நாக்கு, தொண்டை திடீரென்று வீங்கி மூச்சுப் பாதை அடைபடலாம். அதனால்தான் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது குறைந்தது 36 மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறோம், அதுவும் டாக்டரின் மேற்பார்வையில். வீட்டில் மிச்சமிருக்கும் ராமிப்ரில் அட்டை மருந்துப் பெட்டியில் இருக்க வேண்டாம். இன்றே எடுத்து மகளிடம் கொடுத்துவிடுங்கள்.